மழைக்குப் பின் கொல்லைச் சரிவு இறங்குகிறது: வாங்கும்போதே ஏஜென்ட் சொல்லியிருக்க வேண்டாமா?

தேவி_காஸ்ட்ரோவேலி எழுதியது:

வணக்கம். கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிய அனுபவம் உள்ளவர்களும், முடிந்தால் இந்தத் தொழிலிலேயே இருப்பவர்களும் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காஸ்ட்ரோ வேலியில் மேட்டுப் பக்கமாக ஒரு வீடு வாங்கினோம். எஸ்க்ரோ (பணமும் பத்திரமும் கைமாறும் நடைமுறை) முடிந்து வரும் ஜூனோடு இரண்டு வருடம் ஆகிறது. 1960களில் கட்டிய வீடு. பின்னால் கொல்லை கொஞ்ச தூரம் சமதளம், அப்புறம் கீழே ஓடையை நோக்கிச் சரிவு. முதல் குளிர்காலத்தில் எதுவும் தெரியவில்லை. இந்த வருடம் மழை விட்டு விட்டுப் பல வாரம் பெய்ததும் பின்வேலி வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பேஷியோ (பின்முற்றத் தளம்) கான்கிரீட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே இப்போது என் விரல் நுழைகிறது. ஃபேமிலி ரூம் கதவு சட்டத்தில் இடிக்கிறது. அந்த அறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு கீறல்.

மண்ணியல் பொறியாளர் ஒருவரை வரவழைத்துப் பார்த்தோம். கொல்லையின் சமதளம் இயற்கையான மண் இல்லை, எப்போதோ கொட்டி நிரவிய மண் என்கிறார். ஏற்கெனவே ஒரு முறை சரிந்து, மேலோட்டமாகச் சரிசெய்ததற்கான அடையாளம் இருக்கிறதாம். தடுப்புச் சுவரும் வடிகாலும் சேர்த்துச் சுமார் 1,40,000 டாலர் ஆகலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். வீட்டு இன்ஷூரன்ஸில் கேட்டோம். நிலம் நகர்வதால் வரும் சேதம் பாலிசியில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் மனதை அரிப்பது இதுதான். வாங்குவோர் வந்து பார்க்கும் ஓபன் ஹவுஸ் அன்று அந்தச் சரிவு முழுக்கச் சணல் வலை விரித்து, நடுநடுவே புதிதாகக் கொடி நட்டிருந்தார்கள். இது எதற்கு என்று என் கணவர் கேட்டார். விற்பவரின் ஏஜென்ட் "செடி பிடிப்பதற்காக" என்றார். எங்கள் ஏஜென்ட் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் கொடுத்த ஏ.வி.ஐ.டி. படிவத்தில் (ஏஜென்ட் தான் பார்த்ததை எழுதித் தரும் படிவம்) பின்கொல்லைக்கு நேராக, "சரிவு உள்ளது, வேறு எதுவும் கவனிக்கப்படவில்லை" என்று ஒரே வரி. விற்பவரின் ஏஜென்ட் எழுதியது "சாதாரண தேய்மானம்". விற்றவர் டி.டி.எஸ். படிவத்தில் (வீட்டின் குறைகளை விற்பவர் தெரிவிக்கும் படிவம்) மண் இறக்கம், சரிவு பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று குறித்திருக்கிறார். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள், அங்கே முன்பு ஒரு மழையில் மண் சரிந்ததையும் ஆள் வைத்து வேலை செய்ததையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார்.

நிறைய ஆஃபர் வந்த வீடு என்பதால் இன்ஸ்பெக்ஷன் கன்டின்ஜென்சியை (ஆய்வில் குறை தெரிந்தால் விலகிக்கொள்ளும் உரிமை) விட்டுக்கொடுத்துத்தான் வாங்கினோம். விற்பவர் தரப்பு இன்ஸ்பெக்ஷன் அறிக்கை ஒன்று இருந்தது. அதில் சரிவு ஆய்வுக்கு உட்பட்டதல்ல, தேவையென்றால் நிபுணரை அணுகவும் என்று போட்டிருந்தது.

மதுரையிலிருந்து மாமனார், "பார்த்து வாங்குவது நம்ம பொறுப்பும்மா, புரோக்கர் மேல எப்படிக் கேஸ் போட முடியும்?" என்கிறார். இங்கே ஏஜென்டுக்குப் பார்த்துச் சொல்லும் கடமை என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கள் ஏஜென்டுக்கா, விற்பவரின் ஏஜென்டுக்கா?


ராஜா_சான்ரமோன் எழுதியது:

வருத்தமாக இருக்கிறது. ஆனால் கன்டின்ஜென்சியை விட்டுவிட்டால் "ஆஸ் இஸ்", அதாவது இருக்கிறபடியே, என்று வாங்கியதாகத்தான் அர்த்தம் என்று என் நண்பர் சொன்னார். ஏஜென்ட் பொறியாளர் இல்லையே, அவருக்கு மண் பற்றி என்ன தெரியும்? விற்றவர் பொய் சொன்னார் என்று நிரூபிக்க முடிந்தால் அவர் மேல் போகலாம். ஏஜென்ட் பக்கம் போனால் வழக்கறிஞர் செலவுதான் மிஞ்சும்.


பழனி_ஈஸ்ட்பே எழுதியது:

தேவி அவர்களுக்கு, நான் ஈஸ்ட் பே பக்கம் பல வருடமாக ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வைத்து வேலை செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விதான் என் தொழிலின் அடிப்படை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ராஜா சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடமை இருக்கிறது. இரண்டு ஏஜென்டுகளுக்கும் இருக்கிறது.

இந்தக் கடமை எப்படிச் சட்டமானது என்ற கதையைப் படித்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதை. உங்களுக்கு அடுத்த கவுண்டியில் (மாவட்டத்தில்), மவுன்ட் டயாப்ளோ அடிவாரத்தில் டயாப்ளோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே 1 ஏக்கர் நிலம், 3,000 சதுர அடி வீடு, நீச்சல் குளம், தனியாக ஒரு விருந்தினர் வீடு. 1976 மே மாதம் ஈஸ்டன் என்ற பெண்மணி அதை 1,70,000 டாலருக்கு வாங்கினார். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே நிலம் பெரிய அளவில் நகர்ந்தது. அஸ்திவாரம் இறங்கியது, சுவர் வெடித்தது, கதவுச் சட்டங்கள் கோணின. அப்புறம் வந்த சரிவில் வண்டிப் பாதையிலும் ஒரு பகுதி போய்விட்டது. காரணம், நிலத்தின் ஒரு பகுதி சரியாக இறுக்கப்படாத கொட்டு மண். சேதமான நிலையில் அந்தச் சொத்தின் மதிப்பு 20,000 டாலர்தான் என்றுகூட ஒரு மதிப்பீடு வந்தது. சரிசெய்து மேலும் சரியாமல் தடுக்க 2,13,000 டாலர் வரை ஆகும் என்றார்கள்.

விற்ற ஸ்ட்ராஸ்பர்கர் குடும்பத்தினர் அங்கே குடியிருந்தபோதே 1973-இல் ஒரு சிறு சரிவும் 1975-இல் பெரிய சரிவும் நடந்திருக்கின்றன. இரண்டாவது முறை மண் 8 முதல் 10 அடி வரை இறங்கியிருக்கிறது. இதையோ தாங்கள் செய்த சீரமைப்பையோ அவர்கள் ஏஜென்டுகளிடம் சொல்லவே இல்லை. அதனால் ஏஜென்டுகள், "எங்களுக்குத் தெரியாது, தெரியாததை எப்படிச் சொல்வது?" என்று வாதாடினார்கள். அதுவரை கலிஃபோர்னியாவில் ஏஜென்டின் கடமை தனக்குத் தெரிந்ததைச் சொல்வதோடு முடிந்தது, ஆகவே அது பலமான வாதம்தான்.

ஆனால் விசாரணையில் வேறு விஷயங்கள் வந்தன. ஏஜென்டுகள் வீட்டைப் பல முறை போய்ப் பார்த்திருக்கிறார்கள். கொட்டு மண் மேல் கட்டியது என்பது தெரிந்திருந்தது. விருந்தினர் வீட்டின் தரை சமமாக இல்லை என்பது கண்ணில் பட்டிருந்தது. அப்புறம், சரிவில் வலை விரித்திருந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். முந்தைய சரிவைச் சீர்செய்யப் போட்ட வலை அது. இத்தனை எச்சரிக்கை அடையாளம் இருந்தும் மண் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை, வாங்குபவரிடம் மண் பிரச்சினை இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுவர் குழு மொத்தம் 1,97,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. பெரும்பங்கு விற்றவர்கள் மேல் விழுந்தது, ஏஜென்டுகள் வேலை செய்த புரோக்கர் நிறுவனத்தின் பங்கு 5 சதவீதம். தொகை சிறியதுதான், ஆனால் நிறுவனம் மேல்முறையீடு போனது. 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வீட்டை விற்க வரும் புரோக்கர் கவனமாகப் பார்வையிட்டு, அப்படிப் பார்த்தால் தெரியவரக்கூடிய, மதிப்பைப் பாதிக்கும் விஷயங்களை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் என்று தேடினால் முழுத் தீர்ப்பையும் படிக்கலாம். படியுங்கள், வலை பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

தீர்ப்பு வந்ததும் புரோக்கர்கள் பயந்துபோனார்கள். எதுவரை பார்க்க வேண்டும், எவ்வளவு காலம் நம்மைக் கேட்கலாம் என்று வரையறை வேண்டும் என்றார்கள். அடுத்த வருடமே சட்டமன்றம் சட்டம் போட்டது. சிவில் சட்டத் தொகுப்பில் (சிவில் கோட்) 2079-ஆம் பிரிவும் அதன் துணைப் பிரிவுகளும் அதுதான். ஒன்று முதல் நான்கு குடியிருப்பு வரை உள்ள வீடுகளுக்குப் பொருந்தும். "தகுதியோடும் அக்கறையோடும் செய்யும் கண்பார்வை ஆய்வு" என்பதுதான் அதன் சாரம். அது விற்பவரின் புரோக்கருக்கும் உண்டு, வாங்குபவரைக் கொண்டுவரும் புரோக்கருக்கும் உண்டு. உங்களிடம் இருக்கும் ஏ.வி.ஐ.டி. படிவம் இந்தக் கடமையை எழுத்தில் நிறைவேற்றத்தான் இருக்கிறது. டி.டி.எஸ். படிவத்திலும் இரண்டு ஏஜென்டுகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருப்பதைப் பாருங்கள்.

ராஜா கேட்ட "ஏஜென்ட் பொறியாளர் இல்லையே" என்பதற்கு வருகிறேன். இல்லைதான். பொறியாளராக இருக்கச் சட்டமும் கேட்கவில்லை. மண்ணைத் தோண்ட வேண்டாம், கூரை மேல் ஏற வேண்டாம், சாதாரணமாக நுழைய முடியாத இடத்துக்குள் தவழ்ந்து போக வேண்டாம், மனை எல்லைக்கு வெளியே பார்க்க வேண்டாம், கவுண்டி ஆவணங்களையும் பெர்மிட்களையும் தேட வேண்டாம். இவற்றையெல்லாம் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. கேட்பது ஒன்றுதான்: விவேகமுள்ள ஒரு ஏஜென்ட் நடந்து போய்ப் பார்த்தால் என்ன தெரியுமோ அதை எழுது.

நான் ஒரு வீட்டுக்குள் போனால் பின்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். முன்பக்கத்தை விற்பதற்காக அழகுபடுத்தியிருப்பார்கள், பின்னால் வேலிக்கம்பம் பொய் சொல்லாது. கம்பங்கள் நேர்கோட்டில் நிற்கின்றனவா, பேஷியோ சுவரோடு ஒட்டி இருக்கிறதா, மழைக்குழாய்த் தண்ணீர் எங்கே போய் விழுகிறது. அப்புறம் உள்ளே வந்து ஒவ்வொரு கதவையும் சாத்திப் பார்ப்பேன். மேல் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் எழுதுவேன். சிங்க் அடியில் டார்ச் அடிப்பேன். கராஜ் தரைக் கீறலைக் காலால் தடவி, இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று பார்ப்பேன். ஒரு அறையில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசம் வந்தால் அதையும் எழுதுவேன். காரணம் எழுத மாட்டேன், அது என் தகுதிக்கு மீறியது. "பின்சரிவில் சணல் வலையும் புதிதாக நட்ட கொடியும் காணப்படுகின்றன, வாங்குபவர் மண்ணியல் நிபுணரை வைத்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை உங்களுக்காக இரண்டு ஏஜென்டுகளும் செலவிடவில்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. "வேறு எதுவும் கவனிக்கப்படவில்லை" என்பது, பக்கத்தில் நின்று பேச்சைக் கேட்டவர் எழுதக் கூடிய வரியா?

"ஆஸ் இஸ்" என்று எழுதிவிட்டால் இந்தக் கடமை போய்விடாது. கன்டின்ஜென்சியை விட்டுக்கொடுத்தால் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் வழியைத்தான் நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள், மறைக்கும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை. டி.டி.எஸ். வேண்டாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. வங்கி பறிமுதல் செய்து விற்கும் வீடு, நீதிமன்றம் வழி விற்கும் வீடு போன்றவற்றுக்கு விற்பவரின் டி.டி.எஸ். தேவையில்லை. அங்கேகூட ஏஜென்டின் பார்வை ஆய்வு உண்டு.

உங்களுக்குப் பாதகமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். அதே சட்டத்தில் 2079.5 என்று ஒரு பிரிவு, வாங்குபவரும் தன்னைக் காத்துக்கொள்ள நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் மாமனார் சொல்வதும் முழுக்கத் தவறில்லை. எதிர்த்தரப்பு அந்த இன்ஸ்பெக்ஷன் அறிக்கையைத் தூக்கிப் பிடிக்கும், "நிபுணரை அணுகவும் என்று இருந்தது, அணுகவில்லை" என்று. அதற்குப் பதில், உங்கள் கணவர் கேட்டார், "செடி பிடிப்பதற்காக" என்ற பதில் கிடைத்தது என்பதுதான். அந்தக் கேள்வி உங்களுக்குப் பெரிய பலம்.

காலம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 2079-இன் கீழ் வழக்குப் போட இரண்டு வருடம்தான் வரம்பு. பதிவு, எஸ்க்ரோ முடிவு, குடியேறுதல் இவற்றில் எது முதலில் நடந்ததோ அன்றிலிருந்து கணக்கு, விரிசலை நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து இல்லை. ஜூன் என்றீர்கள். பத்திரம் பதிவான தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், இந்த மாதமே ரியல் எஸ்டேட் வழக்கு நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள்.


மண்_பொறியாளர்_ஓக்லண்ட் எழுதியது:

நான் ஜியோடெக் (மண்ணியல் பொறியியல்) துறையில் இருக்கிறேன். பழனி அண்ணன் வலை பற்றிச் சொன்னதற்குக் கொஞ்சம் கூட்டிச் சேர்க்கிறேன்.

சணல் வலை இருந்தாலே சரிவு நடந்தது என்று அர்த்தமில்லை. வெறும் மண் மழையில் கரையாமல் இருக்கவும் போடுவார்கள். ஆனால் 1960களின் வீட்டில், பல வருடமாகப் புல்லும் புதரும் மூடியிருக்க வேண்டிய சரிவில், திடீரென்று வெறும் மண் எப்படி வந்தது? அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். யாரோ புதிதாக மண்ணை அசைத்திருக்கிறார்கள்.

இந்த மேடுகளில் இருப்பது பெரும்பாலும் களிமண். ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு வழியாக அடுத்த மழை ஆழமாக உள்ளே போகும். சரியாக இறுக்காத கொட்டு மண் அதன் மேல் உட்கார்ந்திருந்தால், தண்ணீரின் எடை கூடக்கூட இரண்டுக்கும் நடுவே வழுக்க ஆரம்பிக்கும். முதல் குளிர்காலம் ஒன்றும் ஆகாமல் இரண்டாவதில் இறங்குவது வழக்கமாகப் பார்ப்பதுதான்.

உடனே செய்ய வேண்டியது: கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழாமல் குழாய் போட்டு வேறு பக்கம் திருப்புங்கள். கொல்லைப் புல்லுக்கு ஸ்பிரிங்ளர் இருந்தால் நிறுத்துங்கள். வெடிப்புகள் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மணல் மூட்டை வையுங்கள். அதற்கு முன்னால் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள், கீறலின் இரண்டு முனையிலும் பென்சிலால் தேதி போடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது, சரிவு எந்த வருடம் பச்சையிலிருந்து பழுப்பானது என்று தெரிந்துவிடும். உங்கள் பொறியாளர் சொன்னதை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள்.


தேவி_காஸ்ட்ரோவேலி எழுதியது:

பழனி அண்ணா, உங்கள் பதிலை நானும் கணவரும் சேர்ந்து படித்தோம். மாமனாருக்கும் அனுப்பினேன். பொறியாளர் அவர்களுக்கும் நன்றி, குழாயை இன்றே திருப்பிவிட்டோம்.

கூகுள் எர்த் பார்த்தேன். நாங்கள் வாங்குவதற்கு முந்தைய வருடப் படத்தில் சரிவின் நடுவே வளைவாக ஒரு வெறும் மண் திட்டு தெரிகிறது. அதற்கு முன்பு மரமும் புதரும்தான்.

இன்னொன்றும் கிடைத்தது. ஆஃபர் போடுவதற்கு முந்தைய இரவு, அந்த வலையைப் பற்றி எங்கள் ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் நானே கேட்டிருக்கிறேன். "மேட்டு வீடு எல்லாத்துலயும் இருக்கும்மா, கவலைப்படாதீங்க, நல்ல வீடு, விட்டுடாதீங்க" என்று பதில் போட்டிருக்கிறார்.

இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அவர் எங்கள் தமிழ்ப் பள்ளி நண்பர்களின் வட்டத்தில் இருப்பவர், எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டவர். அவரை விட்டுவிட்டு விற்றவர் மேலும் அவருடைய ஏஜென்ட் மேலும் மட்டும் போகலாமா?


பழனி_ஈஸ்ட்பே எழுதியது:

அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாமல் முழு உரையாடலாகச் சேமித்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

உங்கள் ஏஜென்டைப் பற்றி. விற்பவரின் ஏஜென்டைவிட அவருக்கு உங்களிடம் பொறுப்பு அதிகம். விற்பவரின் ஏஜென்டுக்கு 2079-இன் கடமை உண்டு, தெரிந்ததை மறைக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, அதோடு சரி. உங்கள் ஏஜென்டோ உங்கள் நம்பிக்கைக்கு உரியவர், உங்கள் நலனைத் தன் நலனுக்கு மேல் வைக்கக் கடமைப்பட்டவர். நீங்கள் நேராகக் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நிபுணரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கவலைப்படாதீர்கள் என்று சொல்ல அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. 1998-இல் ஃபீல்டு என்பவர் தொடுத்த வழக்கில், வாங்குபவரின் சொந்த ஏஜென்ட் இந்த நம்பிக்கைக் கடமையை மீறினால் 2079-இன் இரண்டு வருட வரம்பு அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்திருக்கிறது. அதை நம்பித் தாமதிக்காதீர்கள், ஜூனுக்கு முன் எல்லாவற்றையும் முடிப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டு ஏஜென்டும் ஒரே நிறுவனமா என்றும் பாருங்கள். 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் மாலிபு வீடு ஒன்றின் வழக்கில் இதைத்தான் விசாரித்தது. விளம்பரத்தில் 15,000 சதுர அடி என்று போட்ட வீடு, கட்டட அனுமதி ஆவணத்திலோ அதைவிட மிகக் குறைவு. விற்பவருக்காக வேலை செய்த ஏஜென்டும் வாங்கியவரின் ஏஜென்டும் ஒரே புரோக்கரின் கீழ் இருந்தார்கள். புரோக்கர் இரு தரப்புக்கும் நிற்கும்போது, அவர் கீழ் வேலை செய்யும் விற்பவரின் ஏஜென்டுக்கும் வாங்குபவரிடம் அதே கடமை உண்டு என்று தீர்ப்பு. உங்கள் விஷயத்தில் அப்படி இருந்தால் கணக்கே மாறும்.

நட்பு பற்றி நீங்கள் கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர்க்காரர்கள் பலர் இப்படித்தான் ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிரச்சினை வந்தால் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறார்கள். ஒரு நடைமுறை உண்மையைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுப்புள்ள எந்த நிறுவனமும் தொழில் பிழைக்கான இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும். நீங்கள் கேட்கப்போவது அவர் வீட்டுச் சாப்பாட்டுப் பணத்தை இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால், நீங்கள் முறையாகக் கேட்டதும் என் இன்ஷூரன்ஸுக்குத் தெரிவித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்வேன். அவரை விட்டுவிட்டால் மற்ற இருவரும் பழியைக் காலியாக இருக்கும் அந்த நாற்காலி பக்கம் தள்ளுவார்கள். அவருடைய பங்கு யாரிடமிருந்தும் வராமல் போகும் அபாயமும் இருக்கிறது. முடிவு உங்களுடையது, ஆனால் வழக்கறிஞரிடம் பேசாமல் அவரை விலக்காதீர்கள்.

அவரைப் போனில் கூப்பிட்டுச் சண்டையும் போடாதீர்கள், விற்றவருக்குக் கோபத்தில் மின்னஞ்சலும் அனுப்பாதீர்கள். இங்கே வழக்கமாகப் பயன்படும் ஒப்பந்தத்தில் முதலில் சமரசப் பேச்சு என்று ஒரு பத்தி இருக்கும். அதை முயலாமல் நேராக நீதிமன்றம் போனால், ஜெயித்தாலும் வழக்கறிஞர் கட்டணம் கேட்கும் உரிமை போய்விடும். சமரசம் நடக்கும்போதே ஜூன் தாண்டிவிடக் கூடாது. அதற்கு என்ன செய்து உரிமையைக் காப்பது என்பதுதான் வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டு வேலை பாக்கி. வலை விரித்த சரிவு முழுக்க உங்கள் எல்லைக்குள்தானா என்று சர்வே வரைபடத்தில் பாருங்கள். எல்லைக்கு வெளியே இருந்தால் அதைப் பார்க்கும் கடமை இல்லை என்று ஏஜென்டுகள் வாதாடுவார்கள். அப்புறம், காஸ்ட்ரோ வேலிக்குத் தனி நகராட்சி கிடையாது, அதனால் அலமேடா கவுண்டி பொதுப்பணித் துறையில் உங்கள் முகவரிக்கு மண் நிரவும் பெர்மிட்டோ சரிவு பற்றிய புகாரோ இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். விற்றவர் "இல்லை" என்று குறித்தது பொய் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அண்டை வீட்டு அம்மாள் சொன்னதையும் அவர் ஒப்புக்கொண்டால் எழுதி வாங்குங்கள், வயதானவர் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.


விஜய்_டப்ளின் எழுதியது:

இதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நாங்கள் காண்டோ (அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு) வாங்க இருக்கிறோம், மூன்றாவது மாடி. அதற்கும் ஏஜென்ட் இப்படிக் கட்டடம் முழுக்கப் பார்ப்பாரா?


பழனி_ஈஸ்ட்பே எழுதியது:

பார்க்க வேண்டியதில்லை, விஜய். காண்டோவில் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஆவணங்களைச் சட்டப்படி உங்களிடம் கொடுத்துவிட்டால், ஏஜென்டின் பார்வைக் கடமை விற்கும் அந்த ஒரு வீட்டோடு நின்றுவிடும். கூரை, படிக்கட்டு, பொதுச் சுவர் எதுவும் அதில் வராது. அதனால் காண்டோவில் ஆவணங்கள்தான் உங்கள் கண்.

வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைப் பின்னோக்கிப் போய்ப் படியுங்கள். கூரை ஒழுகல், வழக்கு, சிறப்பு வசூல் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பால்கனி ஆய்வு அறிக்கையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள காண்டோ கட்டடங்களில், மரத்தால் தாங்கிய பால்கனிகளையும் உயர்ந்த நடைபாதைகளையும் 2025 ஜனவரி 1-க்குள் முதல் முறை ஆய்வு செய்திருக்க வேண்டும், அப்புறம் 9 வருடத்துக்கு ஒரு முறை. அறிக்கை இல்லை என்று சங்கம் சொன்னால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள், உங்கள் லோன் கொடுப்பவரும் அதையே கேட்கக் கூடும்.

உங்கள் ஏஜென்டின் ஏ.வி.ஐ.டி. படிவத்தை ஆஃபர் போடுவதற்கு முன்பே கேளுங்கள். எல்லா அறைக்கும் "எதுவும் கவனிக்கப்படவில்லை" என்று வந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு அந்தப் படிவத்தோடு ஒரு தடவை வீட்டைச் சுற்றி வாருங்கள். நீங்கள் காட்டுவதை அவர் எழுதட்டும்.